தெருவில் நிற்கும் துரைசாணி

வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலையூர்களில் உலவுவதாகச் சொல்லப்படும் பேய்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில், கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி எழுதியதுதான் மிக நீளமானதும் மிகப் பயனுள்ளதுமாக இருந்தது. ஆகவே பக்கத்தின் பெரும்பகுதியை அவருடைய தெருவுக்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெரு மூஞ்சிக்கல்லுக்குக் கீழே சரிவாக இறங்கும் ஒரு குறுகலான தெரு. (பெயரை அச்சிட வேண்டாம், வாடகைக்கு ஆள் தேடும் வீடுகள் மூன்று இருக்கின்றன.) இரண்டு ஆண்டுகளாக, மூடுபனி இறங்கியிருக்கும் நாட்களில், விடியற்காலை நாலரை மணி வாக்கில், தெருவின் கீழ்க்கோடியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி நிற்பதாகச் சொல்கிறார்கள். முதலில் பார்த்தவர் பால்காரர். ஆளைவிடப் பல மடங்கு உயரம், கீழே விரிந்த சாம்பல் நிறக் கவுன், மேலே போகப் போகக் குறுகும் உடல், தலையைச் சுற்றி மங்கலான வண்ண வளையம். அவர் நின்றால் அதுவும் நிற்கிறது. நடந்தால் அதுவும் அசைகிறது. நெருங்கினால் பின்வாங்கிப் பிறகு இல்லாமல் போய்விடுகிறது. பின்னொரு நாள் செய்தித்தாள் போடும் பையனும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் வளையம் எந்தத் தலையைச் சுற்றி இருந்தது என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை. தெருவின் மேட்டில் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் அந்த நேரத்தில் விளக்கைப் போட்டு வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருப்பார். அவர் மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. துரைசாணிக்கு வண்டிச் சத்தம் ஆகாது, அதனால் அவருக்குக் காட்சி தருவதில்லை என்கிறார்கள். வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து, கீழ்நாட்டிலிருந்து ஒரு மந்திரவாதியை வரவழைக்கப் போகிறார்கள். நான் கொடுக்கலாமா, கூடாதா?

பதில்: அம்மா, அந்த 500 ரூபாயை இரண்டு வாரம் மட்டும் முந்தானையில் முடிந்து வையுங்கள். அதற்குள் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். அதற்கு முன், பால்காரரைப் பொய்யர் என்றோ பயந்தாங்கொள்ளி என்றோ யாராவது சொல்லியிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். அவர் நல்ல சாட்சி. பேய் என்றால் வெள்ளை என்று ஊரே சொல்லும்போது, அவர் சாம்பல் நிறம் என்று சொல்லியிருக்கிறார். கேட்ட கதையை ஒப்பிப்பவர் அப்படிச் சொல்லமாட்டார், கண்டதைச் சொல்பவர்தான் சொல்வார். கண்டது வேறு, கண்டதற்கு வைத்த பெயர் வேறு. அவர் கண்டது அத்தனையும் உண்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், தகராறு பெயரில்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வழி காட்டியவர் பேயைப் பார்க்காத வண்டிக்காரர். நாலரை மணிக்குத் தெருவின் மேட்டில் இரண்டு விளக்குகள் எரிகின்றன. சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும் பால்காரரின் முதுகில் அந்த வெளிச்சம் விழுகிறது. அவருக்கு எதிரே, பள்ளத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி திரை போல நிற்கிறது. அந்தத் திரையில் விழுவது அவருடைய நிழல். சுவரில் விழும் நிழல் ஒரு பரப்பில் படிந்துவிடும். பனியில் விழும் நிழலோ அதனுள் ஊடுருவி, அடிக்கணக்கில் ஆழமுள்ள ஓர் இருண்ட பாதையாக நீள்கிறது. அந்தப் பாதையை அதன் வாயில் நின்றே பார்ப்பதால், இரயில் தண்டவாளம் தொலைவில் குவிவது போல, காலருகே அகன்றும் தலையருகே குறுகியும் தெரிகிறது. விளக்குகள் இரண்டு என்பதால் நிழல்களும் இரண்டாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடிப்பகுதியை இன்னும் அகலமாக்குகின்றன. கவுன் வந்த வழி இதுதான். பனிக்குள் தொலைவை மதிப்பிட மரமோ கம்பமோ தெரியாத நிலையில், அருகிலுள்ள நிழலைத் தெருக்கோடியில் நிற்பதாகக் கண் கணக்கிட்டுவிடுகிறது. அந்தத் தொலைவில் நின்றும் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதென்றால் அது இராட்சத உயரமாகத்தானே இருக்க வேண்டும்? முன்னேறினால் அது பின்வாங்குவதும், வண்டி விளக்கு அணைந்தாலோ திரும்பினாலோ அது மறைவதும் வேறு விளக்கம் தேவைப்படாதவை. வண்டிக்காரர் ஏன் பார்ப்பதில்லை? அவருடைய கண் விளக்குகளுக்கு மிக அருகில் இருப்பதால், நிழல் பெரும்பாலும் பால்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே அவருக்கு மறைந்துபோகிறது. நிழலைப் பார்க்க முடியாத இடத்தில் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான் அமர்ந்திருக்கிறார்.

வளையத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காட்சியின் அழகே அதில்தான் இருக்கிறது. மூடுபனித் துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அத்தகைய துளிகள் தம்மீது விழும் ஒளியில் ஒரு சிறு பகுதியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. அப்போது நிறங்கள் சற்றே பிரிந்து, உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாக வளையங்கள் உண்டாகின்றன. வானவில்லின் ஆரம் ஏறத்தாழ 42 பாகை. இந்த வளையம் பெரும்பாலும் 5 முதல் 20 பாகைக்குள் அடங்கிவிடும். ஒளி வந்த வழியே திரும்புவதால், அந்த வழியில் இருக்கும் கண் எதுவோ அந்தக் கண்ணுக்குத்தான் வளையம் தெரியும். எனவே பத்துப் பேர் வரிசையாக நின்றால் பத்து நிழல்களும் எல்லோருக்கும் தெரியலாம், ஆனால் வளையம் ஒவ்வொருவருக்கும் தத்தம் தலையைச் சுற்றி மட்டுமே தெரியும். பால்காரரும் பத்திரிகைப் பையனும் இரண்டு ஆண்டுகளாகச் சண்டையிடுவது இதற்காகத்தான். இருவர் சொல்வதும் சரி.

இதைப் பார்க்க உங்கள் தெருவுக்கு நாலரை மணிக்குப் போக வேண்டும் என்பதில்லை. 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் அமைத்த நடைபாதை, கோக்கர்ஸ் வாக், இந்தக் காட்சிக்குப் பெயர்போன இடம். வெயில் முதுகில் சாயும் நேரத்தில் எதிரே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறிவந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தம் நிழலையே மேகத்தில் வளையத்தோடு காணலாம். சோளம் சுட்டு விற்பவர்களுக்கு இது பழகிய காட்சி. சுற்றுலா வந்தவர்கள்தான் அலறுவார்கள். ஜெர்மனியில் 1141 மீட்டர் உயரமுள்ள புரோக்கன் என்ற மலையில் யோகான் சில்பர்ஷ்லாக் 1780-இல் இதை வருணித்ததால், உலகம் முழுவதும் இதற்குப் ‘புரோக்கன் பூதம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. சீனாவின் எமெய் மலையில் இதே காட்சிக்குப் ‘புத்த ஒளி’ என்று பெயர். பூமியின் வடிவத்தை அளப்பதற்காக 1735-இல் தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்ட பிரெஞ்சு, ஸ்பானிய அறிஞர்களும் ஆண்டிஸ் மலையில் இதைக் கண்டு, ஒவ்வொருவருக்கும் வளையம் தம் தலையில் மட்டுமே தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே நிழல் ஓரிடத்தில் பூதமாகவும் இன்னோரிடத்தில் புத்தராகவும் மூஞ்சிக்கல் பக்கத்தில் துரைசாணியாகவும் ஆகியிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் இருந்த வானிலை ஆய்வு நிலையத்தில் 1894-இல் சில வாரங்கள் தங்கிய சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர், மேகத்தில் தோன்றிய இந்த வளையங்களின் அழகில் மயங்கி, அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார். கண்ணாடிக் கலத்துக்குள் செயற்கை மேகத்தை உருவாக்கும் அந்த முயற்சிதான், அணுவிலும் சிறிய துகள்கள் செல்லும் தடத்தைக் கண்ணால் காணச் செய்த முகிற்கலமாக வளர்ந்து, 1927-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. உங்கள் தெரு மந்திரவாதிக்கு அனுப்ப நினைப்பதை அவர் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார், அவ்வளவுதான்.

இனி அந்தப் பெயர். கீழ்நாட்டுப் பேய் வெள்ளைச் சேலை கட்டிப் புளியமரத்தில் இருக்கும். மலையூர்ப் பேயோ எப்போதும் கவுன் அணிந்த துரைசாணியாகவே இருக்கிறது. உதகையிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் நான் கேட்ட கதைகளில் விதிவிலக்கு மிகக் குறைவு. சங்கப் பாடல்கள் மலையில் உறையும் அச்சந்தரும் தெய்வத்தைச் சூர் என்றும் அணங்கு என்றும் சொல்லும்; அந்த அச்சம் நமக்குப் புதிதன்று, உடைதான் புதிது. 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்கப் பாதிரிமார்கள், நோயில் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்தபின் கொடைக்கானலுக்கு வந்து வீடு கட்டினார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் கல்லறைகள் இருக்கின்றன, கல்லில் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. அவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்து அடிவாரத்திலிருந்து தோளில் சுமந்து ஏறியவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களில் ஒருவரும் இதுவரை எந்தத் தெருவிலும் பேயாக வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பேயாவதற்குக்கூட முகவரி வேண்டும் போலிருக்கிறது.

சோதனை இதுதான். அடுத்த மூடுபனி நாளில், வண்டிக்காரரிடம் சொல்லி விளக்கை எரிய விடச் செய்து, நீங்களும் பால்காரரும் இருபது முப்பதடி கீழே இறங்கி, பள்ளத்தைப் பார்த்து நின்று வலக்கையைத் தூக்குங்கள். துரைசாணியும் வலப்புறக் கையையே தூக்குவார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். வண்டியின் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகே இதைச் செய்யுங்கள். சரிவில் உண்மையில் அஞ்சத்தக்கது அதுதான்.

கேள்வி: பேய்கள் ஏன் எப்போதும் வெள்ளை உடுத்துகின்றன? நேராகப் பார்த்தால் ஏன் மறைந்துவிடுகின்றன? (வாசகர், குன்னூர்)

பதில்: கோடித்துணியும் கைம்பெண் சேலையும் வெள்ளையாக இருந்த வழக்கம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. விழித்திரையில் நிறத்தைக் காட்டும் கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 இலட்சமும், மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சிச் செல்கள் ஏறத்தாழ 12 கோடியும் இருக்கின்றன. குச்சிச் செல்களால் நிறத்தைப் பிரித்தறிய இயலாது. இருட்டில் பச்சைச் சேலையும் சிவப்புச் சேலையும் வெளுப்பும் கருப்புமாகவே தெரியும். வெளிர்நிறப் பொருள் எதுவாயினும் வெள்ளையாக முன்னால் வந்து நிற்கும். மேலும், நாம் உற்றுப் பார்க்கும்போது பயன்படுத்துகிற விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிச் செல்களே இல்லை. எனவே கடைக்கண்ணில் மங்கலாகத் தெரிந்த ஒன்று, கண்ணைத் திருப்பி நேராகப் பார்த்த மாத்திரத்தில் உண்மையாகவே இல்லாமல் போய்விடும். மங்கலான விண்மீன்களைப் பார்ப்பவர்கள் இதற்காகவே சற்றுத் தள்ளிப் பார்க்கப் பழகுவார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரளாதவன் கண்ணுக்கும் இது நிகழும்.

கேள்வி: பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் நள்ளிரவில், முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக நான்கு கால்கள் மட்டும் உடலின்றி நடந்து போனதை என் தம்பி கண்டான். விடியுமுன் ஓடைப் பக்கம் ஆளில்லாத இடத்தில் யாரோ சீட்டியடிப்பதும் கேட்கிறது. (வாசகர், பெருமாள்மலை)

பதில்: தம்பியை இனி நள்ளிரவில் வெளியே விடாதீர்கள். அது காட்டுமாடு. உடல் கரும்பழுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நிறம். இருட்டில் உடல் கரைந்துபோய்க் கால்கள் மட்டும் நடக்கும். வளர்ந்த ஆண் ஏறக்குறைய 1000 கிலோ வரை எடையிருக்கும். தெருவுக்குள் வந்து வேலியோரப் புல்லை மேய்ந்துவிட்டுப் போகிற இந்த விலங்கு முட்டி மலைகளில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். கையில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். கண்டால் விலகிப் போக அதற்கு வழி விடுங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம்.

சீட்டிக்கு அஞ்ச வேண்டியதில்லை. மேற்கு மலைத்தொடரின் ஓடைக் கரைகளில் வாழும் கருநீலப் பறவை ஒன்று, விடியலுக்கு முன்பே மனிதன் சீட்டியடிப்பது போல மெட்டில்லாமல் இழுத்து இழுத்துப் பாடும். ஆங்கிலேயர் அதற்குச் சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன் என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். பாட்டைக் கேட்டால், வீட்டுப்பாடம் எழுதாமல் பள்ளிக்குப் போகிற பையன்தான் என்று நீங்களும் சொல்வீர்கள்.

கேள்வி: பேய் வரும் நேரத்தில் தெருவில் பூ மணக்கிறதே? (வாசகி, செண்பகனூர்)

பதில்: வேலியோரத்தில், ஊமத்தைக்கு உறவான, தலைகீழாகத் தொங்கும் நீண்ட வெள்ளைக் குழல் பூக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பகலில் வாசனையே தெரியாது. இரவுப் பூச்சிகளை அழைப்பதற்காக இருட்டிய பிறகுதான் மணம் விடும். செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: உதகையில் எங்கள் தெருக்கோடியில் உள்ள பழைய பங்களாவின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். பேய் வீடு என்று தெருவில் அதற்குப் பெயர். கார்த்திகையிலிருந்து இரவில் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறது. நெஞ்சில் யாரோ ஏறி உட்காருகிறார்கள். காலையில் நால்வருக்கும் தலைவலி, குமட்டல். குளிருக்குக் கும்மட்டி அடுப்பில் கரி போட்டு, சன்னல்களை இறுக்கிச் சாத்திப் படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் தங்கினால் எதுவும் இல்லை. (வாசகி, உதகை)

பதில்: இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் உங்களுக்குத் தனியே கடிதம் எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே மீண்டும் சொல்கிறேன். அந்தக் கும்மட்டியை இன்றிரவே அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். நால்வரும் உடனே மருத்துவரிடம் சென்று, மூடிய அறையில் கரி எரித்ததைச் சொல்லுங்கள்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, புகை போலக் கண்ணையும் எரிக்காது. இரத்தத்தில் ஆக்சிஜன் பற்றிக்கொள்ள வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு அது பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், நெஞ்சில் பாரம், குழப்பம், இல்லாத ஓசை கேட்பது, இறுதியில் விழிக்காமலே போய்விடுவது என்று அது போகும். அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921-இல் எழுதிய கட்டுரையில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறார்: பழைய வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து காலடியோசை, உருவங்கள், தலைவலி, வாடிப்போகும் செடிகள். பழுதடைந்த உலையிலிருந்து இந்த வாயு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. உலை சரியானதும் பேய்களும் போயின.

நெஞ்சில் அமுக்கும் பேய் எல்லா ஊரிலும் உண்டு. உடல் தூக்கத்தில் இருக்கும்போதே மனம் விழித்துக்கொண்டால், கை கால் அசையாமல் நெஞ்சு கனப்பது போல் தோன்றும். அமுக்குவான் என்று நம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் அதுதான். ஆனால் அமுக்குவான் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் வரும். ஒரே இரவில் ஒரே அறையில் நால்வரையும் அமுக்கி, காலையில் நால்வருக்கும் தலைவலியைக் கொடுத்து, மேட்டுப்பாளையத்துக்கு மட்டும் கூட வராத ஒன்று கரியடுப்பாகத்தான் இருக்க முடியும். குளிருக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும். கணப்பு கட்டாயம் வேண்டுமென்றால், புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பார்த்த பிறகு, தூங்கப் போகுமுன் முழுவதும் அணைத்துவிட்டு, சன்னலைச் சற்றுத் திறந்து வைத்துப் படுங்கள்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் ஒரு பேயையாவது பார்த்ததுண்டா? (வாசகர், வத்தலக்குண்டு)

பதில்: நான் பார்க்கவில்லை, என் அத்தை பார்த்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் அவரைக் கோக்கர்ஸ் வாக்குக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கீழேயிருந்து மஞ்சு ஏறிவந்து, முதுகில் வெயில் அடித்த ஒரு நிமிடத்தில், அத்தை கம்பியருகே நின்றபடி திடீரென்று கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். நான் அருகில் போவதற்குள் வெயில் மறைந்துவிட்டது. மேகத்தில் ஒளி வட்டத்தோடு ஒரு தெய்வம் நின்றதாகவும், தாம் கும்பிட்டவுடன் அதுவும் தம்மைப் பார்த்துக் கும்பிட்டதாகவும் சொன்னார். அது அவருடைய நிழல் என்று நான் விளக்கியதை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும்டா, என்னைக் கும்பிட்டது அது ஒண்ணுதானே” என்றார்.